எடையில் ஐஸும் சேர்த்தி

சிவப்புப் பெயின்ட்டில் சுவரில் எழுதியிருக்கும்:
"இந்த வீடு விற்பனைக்கு இல்லை."
லாகோஸில் தெருவுக்கு நாலு வீட்டில் அப்படித்தான்.
சொந்தக்காரர் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள்
வேறு யாராவது விற்றுவிடுவார்கள் என்ற பயம்.
என் நிலத்துக்குச் சுவர் இல்லை.
எழுதுவதானால்
நீர்மேல்தான் எழுதவேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.
நான் எபியேரே. ஓயிங்போ சந்தையில்
உறைமீன் விற்கிறவள்.
இரண்டு ஃப்ரீஸர், ஒரு ஜெனரேட்டர்,
பதினோரு வருஷச் சீட்டுப் பணம்.
கரன்ட் போனால் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு டீசல்,
எத்தனை கிலோ கானாங்கெளுத்தி நாறும்,
யார் யார் கடன் சொல்வார்கள்
எல்லாம் விரல்நுனியில்.
நஷ்டத்தோடு ஒரே பாயில் படுத்துப் பழகியவள்.
நிலம் நாறாது என்றார்கள்.
அங்கேதான் விழுந்தேன்.

பமிடேலே வரைபடத்தை விரித்தான்.
இங்கே சாலை வரும். இங்கே துறைமுகம் வரும்.
இங்கே (பேனா மூடியால் தட்டினான்)
விமானம் வந்து இறங்கும், மேடம்.
இன்று ஒன்று போட்டால் ஐந்து வருஷத்தில் ஐந்து.
பத்திரம்? வரும்.
அரசாணை? வரும்.
அவன் வாயில் எல்லா வினைச்சொல்லும்
எதிர்காலத்திலேயே இருந்தது.
மண்ணின் மைந்தர்கள் வந்து நின்று
அஸ்திவாரத்துக்கு ஒரு தொகை
கூரைக்கு ஒரு தொகை கேட்பார்களாமே என்றேன்.
அதற்கு மட்டும்
நிகழ்காலத்தில் சிரித்தான்.

இரவு நோட்டில் நடுக்கோடு இழுத்தேன்.
இடப்பக்கம்: மகனுக்குக் கல்லூரி,
இன்னொரு கடை,
வாடகைக்காரியாகச் சாகாமல் இருப்பது.
வலப்பக்கம்: வெள்ளம். வழக்கு. மோசடி.
இடப்பக்கம் எழுத எழுதக்
கையெழுத்து அழகாகிக்கொண்டே போனது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பாதி கட்டினேன்.
மறுபாதிக்கு ஜூலை கடைசிவரை தவணை.

அவன் நிலத்தைக் காட்டியது ஜனவரியில்.
வெடித்த மண், ஓர் ஓணான், நாலு எல்லைக்கல்.
நான் தனியாகப் போனது ஜூலையில்.
செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள்
நிலத்துக்கு மட்டும் ஏன் சும்மா இருக்கணும்?

மினிபஸ். பிறகு மோட்டார்சைக்கிள். பிறகு நடை.
பிறகு முழங்கால்வரை தண்ணீர்.
எனக்கு முன்னாலேயே ஒருத்தி
துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் மனை என்றாள்.
என் மனை என்றேன்.

பெயர் இசெக்பே. பெனின் பக்கத்து நர்ஸ்.
அவள் பையில் ரசீது, என் பையில் ரசீது.
ஒரே எண். ஒரே முத்திரை.
ஒரே எழுத்துப்பிழை.

யார் முதலில் சிரித்தது நினைவில்லை.
"எவ்வளவு கட்டினாய்?"
"பாதி."
"புத்திசாலி" என்றாள், முழுசும் கட்டியவள்.
புத்தி இல்லை, கையில் இல்லை.
அதை நான் சொல்லவில்லை.

என் தொழிலில் ஒரு சங்கதி உண்டு.
மீனை ஐஸோடு சேர்த்துத்தான் எடை போடுவேன்.
வாங்கினவள் வீடு சேர்வதற்குள்
கால் கிலோ ஒழுகிப் போயிருக்கும்.
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்,
பேரம் பேசுவதே அந்தக் கால் கிலோவுக்குத்தான்.
இருபது வருஷம் தராசைப் பிடித்தவளிடம்
ஒருத்தன் முழுக்க முழுக்கத்
தண்ணீரையே நிறுத்து விற்றிருக்கிறான்.
கோபத்துக்கு நடுவே, கொஞ்சம்,
தொழில் மரியாதையும் வந்தது.

கழியை அங்கேயே குத்திவிட்டுத் திரும்பினோம்.
ஆளுக்கொரு பக்கம் செருப்பைக் கையில் பிடித்தபடி
வக்கீல் பெயர், போலீஸ் ஸ்டேஷன்,
அவன் வீடு எந்தப் பேட்டையில்
என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.
தார்ச்சாலை ஏறியதும் இசெக்பே நின்றாள்.
தலைக்கு மேலே ஒன்றுமில்லை, மேகம்தான்.
"ஒருவேளை," என்றாள் மெதுவாக,
"நிஜமாகவே விமானம் வந்துவிட்டால்?"

நான் பதில் சொல்லவில்லை.
ஐந்தை இரண்டால்
வகுத்துக்கொண்டிருந்தேன்.